சீடர் அல்லர், வழி ஓவியர்

பெல்ஜியத்தின் கெண்ட் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் ‘சிலுவை சுமக்கும் கிறிஸ்து’ என்றொரு பலகை ஓவியம் இருக்கிறது. அதைப் பற்றித் தமிழில் வந்த ஒரு கட்டுரையில் ‘ஹிரோனிமஸ் போஷின் சீடர் வரைந்தது எனச் சிலர் கருதுகின்றனர்’ என்ற வரியைப் படித்தேன். போஷ் 15–16ஆம் நூற்றாண்டு நெதர்லாந்து ஓவியர். ‘ஃபாலோயர்’ என்னும் கலைச்சொல்லுக்கு ஏலச் செய்திகளிலும் ஆவணப்படங்களின் தமிழ் வரிகளிலும் இதே மொழிபெயர்ப்பை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் ஃபாலோயர், டச்சில் நாஃபோல்கர், இத்தாலியத்தில் செகுவாச்சே: மூன்றும் ‘பின்செல்’ என்னும் பொருளுடைய வினைகளிலிருந்து பிறந்தவை. கலை வரலாற்றில் இச்சொல், ஓர் ஆசானின் பாணியை மேற்கொண்டு, அவர் காலத்திலோ அதற்குச் சற்றுப் பின்னரோ வரைந்த, பெயர் தெரியாத ஓவியரைக் குறிக்கும். அவர் ஆசானிடம் பயின்றிருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இதில் இல்லை.

‘சீடர்’ என்னும் சொல்லோ அந்தக் கட்டாயத்தை உடன் கொண்டுவருகிறது. சீடர் என்றதுமே குருவின் காலடியும் நேரடிப் பயிற்சியும் தமிழ் வாசகர் மனத்தில் வந்துவிடும். போஷ் இறந்தது 1516இல். அவருடைய 500ஆம் நினைவாண்டையொட்டி அவர் ஓவியங்களை ஆராய்ந்த அறிஞர் குழு, கெண்ட் ஓவியத்தை ஏறத்தாழ 1530–1540இல் வரையப்பட்டதாகக் கணித்தது. அருங்காட்சியகம் அதை ஏற்காமல் போஷின் கைவண்ணம் என்றே காட்டிவருகிறது. அறிஞர்கள் காலத்தைப் பற்றியும் கையைப் பற்றியும் இவ்வளவு கவனமாக வழக்காடும்போது, எவருமே சொல்லாத ஒரு குரு–சீட உறவை நம் மொழிபெயர்ப்பாளர் ஒற்றைச் சொல்லால் உண்டாக்கிவிடுகிறார்.

இன்னும் பெரிய குழப்பம் ஓவியத்தின் பொருளிலேயே இருக்கிறது. தமிழ் விவிலிய வழக்கில் சீடர் என்றால் பேதுருவும் யோவானும்தான். கிறிஸ்து சிலுவை சுமக்கும் படத்தின் கீழே ‘சீடர்’ என்று எழுதினால், படத்திலுள்ள எந்த முகம் சீடருடையது என்று வாசகர் தேடத் தொடங்குவார்.

‘வழித்தோன்றல்’ என்று எழுதுவோரும் உண்டு. அது குருதி உறவைச் சொல்லும் சொல். போஷின் தாத்தாவும் தந்தையும் ஓவியர்களாக இருந்த நிலையில், அவர் வழித்தோன்றல் என்றால் குடும்பத்தில் ஒருவர் என்றே எவரும் எண்ணுவர். ‘பின்தொடர்பவர்’ என்பதைச் சமூக ஊடகங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. ‘போலி’ என்பதோ அவதூறு. ஏமாற்றும் நோக்கம் இருந்தால் மட்டுமே அச்சொல் பொருந்தும்.

இதற்கான சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘முன்னோர் நூலின் முடிபுஒருங்கு ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி’ அமைவது வழிநூல் என்கிறது நன்னூல். முன்னவரோடு ஒத்துப்போதல், பின்னவர் தாம் வேண்டும் வேறுபாட்டைச் சேர்த்தல் ஆகிய இரண்டையும் இந்த ஓவியத்தில் கண்ணாலேயே காணலாம். லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் போஷ் வரைந்த ‘முள்முடி சூட்டுதல்’ இருக்கிறது. அதில் கிறிஸ்துவை நெருங்கி நிற்பவர்கள் நால்வர்தான். கெண்ட் ஓவியத்தில் அந்த நெருக்கம் பலகை முழுவதும் பரவி, இருளுக்குள் முகத்தின்மேல் முகமாக அடைந்துகிடக்கிறது: பிளந்த வாய்கள், கோணிய மூக்குகள், நடுவே கண்மூடிய கிறிஸ்து, இடப்பக்கம் கீழே அவர் முகம் பதிந்த துணியுடன் வெரோனிக்கா. இதை வரைந்தவர் போஷ் இல்லையென்றால், அவரை ‘வழி ஓவியர்’ என்பதே பொருத்தம்.

அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்துப் போட்டுவிட்டு நகரும் பழக்கம்தான் இத்தனைக்கும் காரணம். ஓவியத்தின் விவரச் சிட்டையில் ஒவ்வொரு சொல்லும் ஓர் அளவுகோல். ‘பட்டறை’ என்றால் ஆசானின் கூடத்தில், அவர் மேற்பார்வையில் உருவானது. ‘வட்டம்’ என்றால் அவரோடு தொடர்புள்ள, அவர் காலத்தவர் வரைந்தது. ‘படி’ என்றால் இருக்கும் ஓவியத்தைப் பார்த்து வரைந்தது. இவற்றுள் எதற்கும் சீடர் என்று போட்டுவிடலாம் என எண்ணுபவர், ஓவியத்தின் விலையையும் வரலாற்றையும் ஒருசேர மாற்றி எழுதுகிறார்.

அறிஞர் குழுவின் முடிவைத் தமிழில் தர விரும்புவோர் இப்படி எழுதலாம்: ‘சிலுவை சுமக்கும் கிறிஸ்து. போஷின் வழி ஓவியர். ஏறத்தாழ 1530–1540. பலகையில் எண்ணெய் வண்ணம்.’