சூழல்மாறி: சுற்றுச்சூழலுக்கு இங்கே என்ன வேலை?

மென்பொருள் நிறுவும் வழிகாட்டி ஒன்றைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது வரியிலேயே "கன்ஃபிகரை ஓட்டும் முன் சுற்றுச்சூழல் மாறிகளை அமைக்கவும்" என்று இருந்தது. இதை எத்தனை முறைதான் திருத்துவது! 'என்விரான்மென்ட் வேரியபிள்' என்பதில் என்விரான்மென்ட் கண்ணில் பட்டாலே கை தானாகச் சுற்றுச்சூழல் என்று எழுதிவிடுகிறது.

மூல நிரலிலிருந்து மென்பொருளைக் கட்டும்போது, கன்ஃபிகர் என்ற ஸ்கிரிப்ட் நம் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று துழாவிப் பார்க்கும். மூல நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர்களில் எது வேண்டும் என்பதை சிசி என்ற பெயரிலும், அந்தக் கம்பைலருக்கான தெரிவுகளை சிஃப்ளாக்ஸ் என்ற பெயரிலும் அதற்குச் சொல்லி அனுப்பலாம். இப்படிப் பெயரும் மதிப்புமாக ஒரு நிரலோடு கூடவே போகிறவைதான் என்விரான்மென்ட் வேரியபிள்கள். 1979இல் வந்த யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலேயே இவை உண்டு.

என்விரான்மென்ட் என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழி வந்தது. 'சுற்றிலும்' என்பதே அதன் அடி. தமிழில் சூழ் + அல் = சூழல். மாறு + இ = மாறி; பள்ளிக் கணக்கில் மாறிலியோடு சேர்த்துப் படித்த அதே மாறி.

சுற்று, சூழல் இரண்டும் ஒரே பொருள் என்பது சின்னக் குறைதான். சுற்றுச்சூழல் என்றால் காற்று, நீர், காடு என்று வழக்கில் நிலைத்துவிட்டதே, அதுதான் பெரிய சிக்கல். அது எல்லோருக்கும் பொது. நிரலின் சூழலோ ஒவ்வொரு செயல்முறைக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், தனி. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல், ஒரு நிரலைத் தொடங்கும்போது தன்னிடம் இருப்பதில் ஒரு படி எடுத்துக் கொடுக்கிறது. பிள்ளையான அந்த நிரல் அதில் எதை மாற்றினாலும் தாயான ஷெல்லுக்குத் தெரியாது. பக்கத்தில் திறந்திருக்கும் இன்னொரு டெர்மினலுக்கும் (கட்டளை தட்டும் சாளரம்) தெரியாது. ஒரு டெர்மினலில் சிஃப்ளாக்ஸை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு (அங்கிருந்து தொடங்கும் நிரல்களுக்குப் போகும்படி வைத்துவிட்டு), இன்னொன்றில் கன்ஃபிகரை ஓட்டி, "ஏன் சார் எடுத்துக்கல?" என்று ஒரு மாணவி கேட்டார். அவர் கையில் இருந்த குறிப்பிலும் 'சுற்றுச்சூழல் மாறி'தான். எங்கும் பரவிக் கிடப்பது என்று அவர் நினைத்ததில் என்ன தவறு?

'சூழ்நிலை மாறி' என்கிறார்கள் சிலர். சூழ்நிலை என்பது நிலைமை. சரியில்லை, பொறுத்துப் போவோம் என்று சொல்லும் இடத்தில் வருவது. தவிர, 'சூழ்நிலை மாறி' என்றதும் 'மாறிப்போய்' என்றுதான் காதில் விழுகிறது. இந்தக் குறை 'சூழல் மாறி'க்கும் உண்டு. அதனால்தான் இடைவெளி விடாமல் 'சூழல்மாறி' என்று எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பவர்கள் ஒருமுறையாவது கன்ஃபிகர் கட்டளையை ஓட்டிப் பார்க்க வேண்டும். பில்டுக்கும் 'கட்டமை', கன்ஃபிகருக்கும் 'கட்டமை' என்று எழுதினால் படிப்பவர் எதைச் செய்வார்? கிளாங் என்ற கம்பைலரைக் கேட்கும் 'சிசி=கிளாங்' என்பதைக் கட்டளைக்கு முன்னால் எழுதினால் அது சூழல்மாறி. பின்னால் எழுதினால் கன்ஃபிகரிடமே நேராகக் கொடுக்கும் மதிப்பு. மென்பொருளைக் கட்டும் கருவியான மேக் நடுவில் கன்ஃபிகரை மறுபடி ஓட்டினாலும் அது நிற்கும், முன்னால் எழுதியது தொலைந்துபோகலாம். அந்த வழிகாட்டியில் இரண்டுக்கும் ஒரே பெயர். பிரித்து எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.