மீனே இல்லாத ஏரியில் மீனை விட்டால்

தூண்டில் போடுவதால் ஏரிக்கு என்ன கேடு என்று கேட்டால், மீன் குறைந்துவிடும் என்றுதான் சொல்லத் தோன்றும். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் மீன் வந்து சேர்ந்ததுதான் வினையானது.

அந்த மலையின் மேற்பகுதியில் பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன ஏரிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. வழியெல்லாம் செங்குத்தான அருவிகள் என்பதால் கீழிருந்து மீன் ஏறிவர வழியில்லை. 19ஆம் நூற்றாண்டில் தூண்டில் பிரியர்களுக்காக டிரவுட் மீனைக் கோவேறு கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். அப்புறம் விமானத்திலிருந்தே குஞ்சுகளைக் கொட்டினார்கள். (நம் நீலகிரிக்கு டிரவுட் வந்ததும் வெள்ளைக்காரர்களின் தூண்டில் ஆசையால்தான்.)

அடிபட்டது மஞ்சள்கால் தவளை. அந்தக் குளிரில் அதன் தலைப்பிரட்டை தவளையாக மாற இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை ஏரி வற்றவும் கூடாது, அடிவரை உறையவும் கூடாது. ஆக, ஆழமான ஏரிதான் வேண்டும். டிரவுட்டுக்கும் அதே ஏரிதான் வேண்டும். டிரவுட் தலைப்பிரட்டையைத் தின்னும்; ஆண்டுக்கணக்கில் நீரைவிட்டு வெளியேற முடியாத தலைப்பிரட்டைக்கு அங்கே தப்பிக்க ஏது இடம்?

தவளையோடு இது நிற்கவில்லை. தவளையைத் தின்னும் கார்ட்டர் பாம்பும் குறைந்தது. மேஃபிளை என்ற பூச்சி நீருக்குள் வளர்ந்து, சிறகு முளைத்ததும் வெளியே பறந்து வரும். டிரவுட் அதை நீரிலேயே தின்றுவிடுவதால், கரையில் அந்தப் பூச்சிக்காகக் காத்திருக்கும் ரோஸி ஃபிஞ்ச் குருவிக்கும் இரை குறைந்தது. எனக்கு ஆச்சரியம் தருவது பாசியின் கதை. கரையிலிருந்து விழும் பூச்சிகளையும் டிரவுட் தின்கிறது, அவற்றிலுள்ள பாஸ்பரஸைக் கழிவாக நீரில் விடுகிறது. பாசிக்கு அது உரம்.

தேசியப் பூங்காக்களில் 1991க்குள் மீன் விடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பல ஏரிகளில் டிரவுட் தானாகவே பெருகிக்கொண்டிருந்தது. எனவே கிங்ஸ் கேன்யன் பூங்காவின் சில ஏரிகளில் ஆய்வாளர் வான்ஸ் வ்ரெடன்பர்க் 1997 முதல் வலை போட்டு மீன்களை எடுத்தார். சில ஆண்டுகளிலேயே தவளைகள் பெருகின. ஆனால் அதற்குள் தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் என்ற பூஞ்சை நோயும் அந்த மலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. 2014இல் அந்தத் தவளையை அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அமெரிக்க அரசு அறிவித்தது. வலையும் சிறிய ஏரிகளுக்குத்தான் சரிவரும். பல ஓடைகள் வந்து சேரும் பெரிய ஏரிகளில், ஒன்றை எடுத்தால் மேலிருந்து இன்னொன்று நீந்தி வந்துவிடுகிறது.