வடிப்பதா, களைவதா?

போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு அலுவலகத்துக்குத் தமிழ் வழிகாட்டி ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வசனம்: "சோதனை என்ற சொல் உள்ள வரிகளை வடிகட்டவும்." பக்கத்திலிருந்த தம்பி அதை நம்பி ஸ்கிரிப்ட் எழுதினார். 3,000 வரி விற்பனைக் கோப்பில் மிஞ்சியது 17. பதினேழும் எறிய வேண்டிய சோதனை வரிகள். நல்ல காலம், மூலக் கோப்பு தனியாக இருந்தது. தம்பியில் பிழையில்லை.

வடிகட்டுவதற்கு ஆங்கிலத்தில் 'ஃபில்டர்'. அதன் வேர் லத்தீன் ஃபில்ட்ரம், அழுத்திய கம்பளித் துணி. அதில் ஊற்றி வடித்தார்கள். தமிழில் வடிகட்டி. திரவத்துக்குச் சரி.

ஆனால் வடித்தால் எது மிஞ்சும்? தேத்தண்ணியில் கீழே இறங்குவது வேண்டும், வடியில் நிற்பது குப்பை. சோற்றில் கஞ்சி இறங்கும், பானையில் நிற்பதுதான் சாப்பாடு. ஒரே குசினி, ஒரே வினை, இரண்டு திசை. பானை கண்முன்னால் இருப்பதால் அங்கே யாரும் குழம்புவதில்லை. கோப்பில் பானை ஏது? இப்போது வந்திருக்கும் 'வடிப்பான்' இன்னும் மோசம். சிலை வடிப்பவனும் வடிப்பான், கண்ணீர் வடிப்பவனும் வடிப்பான். 'அரித்தல்' என்பார் ஒரு நண்பர். மா அரித்தால் விழுவது வேண்டும், மண் அரித்துக் கல் பொறுக்கினால் நிற்பது வேண்டும். அதுவும் அதே கதைதான்.

கோப்பில் சொல் தேடும் கணினிக் கட்டளை கிரெப். கென் தொம்சன் 1970களில் எழுதிய அதற்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. சும்மா ஓட்டினால் சொல் உள்ள வரிகளைக் காட்டும். 'மைனஸ் வி' சேர்த்தால் அவை போக மிச்சத்தை. அப்படியென்றால் நமக்கும் இரண்டு சொல் வேண்டும். வேண்டியதை எடுத்தால் பொறுக்குதல், வேண்டாததை எறிந்தால் களைதல். களையெடுத்தவர் களையை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. முள்மரத்தை வெட்டுபவரைக் குறளும் 'களையுநர்' என்கிறது.

'வரிகளைக் களை' நாக்கில் இடறும், ஒத்துக்கொள்கிறேன். 18 வீத வற் வரி கட்டும் புறக்கோட்டை முதலாளிமார் அதைப் படித்தால் கைதட்டவும் கூடும். 'நீக்கு' என்றாலும் எனக்குச் சம்மதம். மொழிபெயர்ப்பாளர் கட்டளையை ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தாலே போதும். அகராதியைத் திறக்கிறார்கள், டெர்மினலைத் திறப்பதில்லை.

திருத்தி அனுப்பினேன். நேற்றுத் திரும்பி வந்த பிரதியில் 'களைவிப்பான்' என்று இருக்கிறது.