எல்லோரும் ஊர் சுற்றுகிறார்கள், நான் மட்டும் வீட்டில்: கணக்கு எங்கே பிசகுகிறது?

“நண்பர்கள் புது வீடு கட்டினாலும் வண்டி வாங்கினாலும் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. ஆனால் பனிமலைக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படத்தை அவர்கள் போட்டால் மட்டும் அன்றைய பொழுதே கெட்டுவிடுகிறது. இது என் குணக்கேடா, அல்லது அறிவியலில் இதற்கு ஏதேனும் விளக்கம் உண்டா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். குணக்கேடு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஃபேஸ்புக்கில் எதைப் பார்த்தால் பொறாமை வருகிறது என்று ஜெர்மனியில் ஹன்னா கிராஸ்னோவாவும் அவருடைய சகாக்களும் பயனர்களிடம் கேட்டு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பிடித்தவை பயணமும் ஓய்வுப்பொழுதும்தான். வாசகருக்குத் துணை நிறையவே இருக்கிறது.

அடிப்படை பலரும் அறிந்ததே. தன் வாழ்க்கை நன்றாக இருக்கிறதா என்று அறிய மனிதனிடம் தனி அளவுகோல் எதுவும் இல்லை. சுற்றியிருப்பவர்களைப் பார்த்துத்தான் அளந்துகொள்கிறான். அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் இதைச் சமூக ஒப்பீட்டுக் கோட்பாடாக வகுத்தபோது, நாம் ஒப்பிட்டுக்கொள்வது பெரும்பாலும் நம்மை ஒத்தவர்களோடுதான் என்பதையும் அழுத்திச் சொன்னார். விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு வருபவர்மேல் நமக்குப் பொறாமை எழுவதில்லை. நம்மோடு படித்து, நம்மைப் போன்ற வேலையில் இருந்து, ஏறத்தாழ நம் அளவுக்கே சம்பாதிப்பவர் இரண்டு வாரம் ஒரு தீவுக்குப் போய்வந்தால்தான் வயிறு எரிகிறது. சம்பளத்தை ஊரறியச் சொன்னால் தற்பெருமை என்பார்கள். கடலில் சூரியன் மறையும் படத்தைப் போட்டால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எனவே பிறருடைய வசதிகளில் நம் கண்ணில் அடிக்கடி படுவது பயணமாக இருப்பதில் வியப்பில்லை.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்று அறிய விரும்புவோருக்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். ஜப்பானில் ஹிதேஹிகோ தகாஹாஷி தலைமையிலான குழு 19 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, சில கற்பனை மனிதர்களைப் பற்றிப் படிக்கச் செய்து, முடிவுகளை 2009-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. தமக்கு முக்கியமான ஒன்றில் தம்மை விஞ்சி நிற்பவரைப் பற்றிப் படித்தபோது, மூளையின் நடுக்கோட்டை ஒட்டியிருக்கும் முன் சிங்குலேட் புறணியின் மேற்பகுதி கூடுதலாக இயங்கியது; அதே மனிதருக்குக் கேடு நேர்ந்ததாகப் படித்தபோது, பரிசு கிடைத்தால் விழித்துக்கொள்ளும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி இயங்கியது. சிங்குலேட் புறணியின் அந்தப் பகுதி உடல்வலியின்போதும் இயங்குவதால், பொறாமையும் ஒரு வலியே என்று சொல்லிவிட ஆசை வரும். ஆனால் செய்த தவறை உணரும்போதும், இரண்டில் எதைத் தேர்வது என்று திண்டாடும்போதும்கூட அதே பகுதி இயங்குகிறது. 19 பேரின் மூளைப் படங்களை வைத்துக்கொண்டு அதற்கு மேல் போக நான் தயாரில்லை. வாசகரின் கேள்விக்கு எனக்குப் பிடித்த விடை மூளையில் இல்லை. கூட்டலிலும் வகுத்தலிலும் இருக்கிறது.

உங்கள் தொடர்பில் 300 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரே ஒரு வாரம் வெளியூர் போகிறார்கள், நீங்களும் அப்படியே. மீதி 51 வாரமும் எல்லோரும் வேலைக்குப் போய், துணி துவைத்து, மின்கட்டணம் கட்டிக்கொண்டு வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆக, உங்களைவிட ஒரு நாள்கூட அதிகமாகப் பயணம் செய்பவர் இந்தக் கூட்டத்தில் இல்லை. இப்போது ஏதோ ஒரு வாரத்தில் கைப்பேசியைத் திறக்கிறீர்கள். 300-ஐ 52-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 6. சராசரியாக ஆறு பேர் எங்கோ பயணத்தில் இருக்கிறார்கள். யாருமே ஊரைவிட்டு நகராத வாரம் ஒன்று வருமா? ஒருவர் குறிப்பிட்ட வாரத்தில் வீட்டில் இருப்பதற்கான வாய்ப்பு 52-இல் 51. அந்தப் பின்னத்தை 300 முறை பெருக்கினால் 0.003-ஐ ஒட்டி ஓர் எண் வரும். அதாவது இருபது ஆண்டுகள் விடாமல் பார்த்தாலும், பயணப் படமே இல்லாத வாரங்கள் மூன்றுதான் தேறும். (விடுமுறைக் காலங்களில் எல்லோரும் சேர்ந்து கிளம்புவதால் நடைமுறையில் இந்த எண் சற்று மாறும், போக்கு மாறாது.)

சிக்கல் இதற்கு அடுத்த படியில்தான் வருகிறது. போன வாரம் மலையுச்சியில் நின்றவரும் இந்த வாரம் பவளப்பாறைகளுக்கு நடுவே நீந்துபவரும் வேறு வேறு ஆட்கள். அவர்களைத் தனித்தனியே கணக்கு வைத்துக்கொள்ள மனத்துக்குப் பொறுமை இல்லை; ‘அவர்கள்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறது. அந்தப் பதிவேட்டின்படி ‘அவர்கள்’ ஆண்டு முழுவதும் ஓயாமல் ஊர் சுற்றுகிறார்கள், நாமோ ஒரு வாரம் மட்டும் போய்வருகிறோம். 52 வாரமும் பயணத்தில் இருக்கும் அந்த ஆள் எங்குமே இல்லை என்றாலும், நாம் தோற்றுப்போவது அவரிடம்தான்.

எல்லோரும் சமமாகப் பயணம் செய்யும் உலகத்திலேயே இந்த நிலை. உண்மை உலகில் சிலர் மிக அதிகமாகவும் பலர் மிகக் குறைவாகவும் போகிறார்கள் என்பதால், இன்னொரு கணக்கும் வந்து சேர்ந்துகொள்கிறது. சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் 1991-இல் எழுதிக்காட்டிய நட்பு முரண் என்னும் அந்தக் கணக்கு, முதல் முறை கேட்பவர்களை ஏமாற்று வித்தையோ என்று எண்ணவைக்கும்: பெரும்பாலான மனிதர்களுக்கு, அவர்களுடைய நண்பர்களுக்கு இருக்கும் சராசரி அளவைவிடக் குறைவான நண்பர்களே இருக்கிறார்கள்.

நான்கே பேரை வைத்துச் சரிபார்த்துவிடலாம். க என்பவருக்கு ச, த, ப மூவருமே நண்பர்கள். ச-வும் த-வும் தமக்குள் நண்பர்கள். ப-வுக்கு க-வைத் தவிர வேறு யாரையும் தெரியாது. நண்பர்களின் எண்ணிக்கை முறையே 3, 2, 2, 1, சராசரி 2. இனி ஒவ்வொருவரும் தம் நண்பர்களைப் பார்க்கட்டும். ச-வின் நண்பர்கள் க-வும் த-வும். அவர்களுக்கு 3, 2, சராசரி 2.5. த-வுக்கும் அதே விடை. ப பார்ப்பது க ஒருவரைத்தான்; அங்கே 3. க மட்டும் தன் நண்பர்களைப் பார்த்து 1.67 என்ற எண்ணைக் காண்கிறார். நால்வரில் மூவர், ‘என் நண்பர்கள் என்னைவிட அதிகம் பழகுபவர்கள்’ என்று முடிவுக்கு வருகிறார்கள். அவர்கள் எண்ணியதில் பிழையும் இல்லை. நிறைய நண்பர்கள் உள்ள க மூவருடைய பட்டியலில் இடம்பெறுகிறார், நண்பர் குறைந்த ப ஒருவருடைய பட்டியலில் மட்டுமே இருக்கிறார் என்பதுதான் சூட்சுமம். ஒரு பேருந்தில் 45 பேரும் அடுத்ததில் 5 பேரும் போனால் பேருந்துக்குச் சராசரி 25 பேர்தான். ஆனால் போய்ச் சேர்ந்தவர்களைக் கேட்டால் 50 பேரில் 45 பேர் கூட்டம் தாங்கவில்லை என்பார்கள் அல்லவா, அதே கணக்குதான் இதுவும்.

காகிதத்தில் மட்டும் நிற்கும் விந்தை அல்ல இது. 2011-இல் 72 கோடி ஃபேஸ்புக் பயனர்களின் நட்பு வலையை ஆராய்ந்தவர்கள், அவர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினருக்குத் தம் நண்பர்களின் சராசரியைவிடக் குறைவான நண்பர்களே இருப்பதைக் கண்டார்கள். நண்பர்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறும் எந்தப் பண்புக்கும் இது பொருந்தும் என்று யங்-ஹோ இயோமும் ஹாங்-ஹியுன் ஜோவும் 2014-இல் ஆய்வாளர்களின் கூட்டுப்பணி வலைகளை வைத்துக் காட்டினார்கள். அதாவது, உங்களோடு சேர்ந்து ஆய்வுக்கட்டுரை எழுதியவர்கள் சராசரியாக உங்களைவிட அதிகம் எழுதியிருப்பார்கள். பயணத்துக்கும் இதுவே நடக்கும் என்பது என் கணிப்பு. அடிக்கடி வெளியூர் போகிறவர் போகிற இடமெல்லாம் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறார். அதனாலேயே பலருடைய தொடர்புப் பட்டியலில் இருக்கிறார். வீட்டைவிட்டு நகராதவர் பிறருடைய பட்டியலில் அரிதாகவே தென்படுகிறார். ஆகவே நம் நண்பர் வட்டம் மனித குலத்தின் நியாயமான மாதிரி அல்ல. ஊர் சுற்றிகளின் பக்கம் சாய்ந்த மாதிரி.

இதன்மேல் படம் போடும் பழக்கத்தையும் ஏற்றிப் பாருங்கள். 100 பேரில் 10 பேர் மாதம் 20 படம் போடுகிறார்கள், மீதி 90 பேர் ஆளுக்கு ஒன்று என்றால், நீங்கள் காணும் 290 படங்களில் 200 அந்தப் பத்துப் பேருடையவை. எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்காக இருப்பவர்கள் திரையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடம் பிடித்துவிடுகிறார்கள். எதை நம் முன் நிறுத்துவது என்று முடிவுசெய்யும் நிரல்கள், பலர் நின்று பார்க்கும் படங்களை மேலே தூக்கிவிடுவதும் இதோடு சேர்கிறது.

இந்தக் கடைசிச் சாய்வு எவ்வளவு பெரியது என்பதை வெளியாட்கள் அளப்பது கடினம், ஏனென்றால் அதற்கான தரவுகள் நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. மூளையை வண்ணப் படமாகக் காட்டும் ஆய்வுகளுக்குத் தாராளமாகக் கிடைக்கும் பொதுப்பணத்தில் ஒரு பங்கையாவது, பல்லாயிரம் பேர் தாமாக முன்வந்து தம் திரையில் வந்தவற்றைக் கொடுத்து உதவும் ஆய்வுகளுக்கு ஒதுக்கலாம் என்பது என் நெடுநாள் மனத்தாங்கல். பளபளப்பு குறைந்த வேலைதான். ஆனால் நாம் எதைப் பார்த்து ஏங்குகிறோம் என்பதை அது எண்ணிச் சொல்லும்.

நம் மாதிரி சாய்ந்திருப்பதோடு, ஒவ்வொரு படமும் தன்னளவில் சாய்ந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெரன்ஸ் மிட்செல் குழுவினர் 1997-இல், ஐரோப்பியப் பயணம் போனவர்களையும் கலிபோர்னியாவில் மூன்று வாரம் மிதிவண்டிப் பயணம் போனவர்களையும் போவதற்கு முன்பும், வழியிலும், திரும்பிய பின்பும் கேட்டார்கள். எதிர்பார்ப்பும் நினைவும் இனிப்பாக இருந்தன. பயணத்தின் நடுவே கேட்டபோது கிடைத்த விடை அவ்வளவு இனிக்கவில்லை. மழை, களைப்பு, ஏமாற்றம் எல்லாம் அப்போது இருந்தன; வீடு திரும்பிய சில நாட்களில் அவை மங்கிவிட்டன. ஆகவே படம் போடுகிறவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே அப்படித்தான் நினைவிருக்கிறது.

இனி, என்ன செய்யலாம்? சமூக ஊடகத்தை விட்டு ஓடிவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சாய்வு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதை அங்கேயே திருத்தலாம். படங்களில் பெரும்பகுதி சிலரிடமிருந்தே வருவதால், ஓரிரு வாரம் பெயர்களைக் கவனித்து அந்தச் சிலரைக் கண்டுபிடித்து, நட்பை முறிக்காமல் அவர்களுடைய பதிவுகளை மட்டும் மறைத்துவைத்தாலே திரை பெருமளவு மாறிவிடும். பொறாமை எழும்போது, ‘அவர்கள்’ என்று நினைப்பதை விட்டு, இந்த ஆள் இதற்கு முன் எப்போது போனார் என்று அவருடைய பக்கத்தைக் கீழே தள்ளிப் பார்க்கலாம். பலருடைய விடை சென்ற ஆண்டு இதே மாதம் என்றிருக்கும். இன்னும் நல்ல வழி, திரும்பி வந்தவரை அழைத்து, வழியில் என்னென்ன சொதப்பியது என்று கேட்பது. தவறவிட்ட தொடர்வண்டி, வயிற்றுக்கோளாறு, தங்குமிடத்தில் நடந்த சண்டை எல்லாம் வரிசையாக வரும், சொல்பவரும் மகிழ்ச்சியாகவே சொல்வார்.

இந்தக் கணக்குகள் எல்லோருடைய ஏக்கத்தையும் ஆற்றாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கையில் பணம் இல்லாதவர், படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைக் கவனித்துக்கொள்பவர், விசா மறுக்கப்படும் கடவுச்சீட்டை வைத்திருப்பவர் ஆகியோரின் வருத்தம் மாதிரிப் பிழையால் வந்தது அல்ல. உலகம் சமமாகப் பங்கிடப்படவில்லை என்ற சரியான தகவல் அது. அவர்களிடம் புள்ளியியல் பேசுவது நாகரிகமும் ஆகாது.

போக முடிந்தும் போகாமல் புழுங்குபவர்களுக்கு நம்பிக்கை தரும் முடிவுகள் இரண்டு உண்டு. நீல்ஸ் வான் டி வென்னும் சகாக்களும் நெதர்லாந்தில் செய்த சோதனைகளில், பிறரைக் கீழே இழுக்க நினைக்கும் பொறாமையையும், தானும் அந்த இடத்துக்கு ஏற நினைக்கும் பொறாமையையும் பிரித்துப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான முடிவின்படி, வெறும் வியப்பைவிட இரண்டாம் வகைப் பொறாமையே மாணவர்களைக் கூடுதலாக உழைக்கத் தூண்டியது. அதே நாட்டில் ஜெரோன் நாவைன் குழுவினர் 1,530 பேரை ஆராய்ந்து 2010-இல் எழுதியது இன்னும் சுவையானது: விடுமுறைக்குப் போகவிருந்தவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள், திரும்பி வந்த பிறகோ, மிக நிம்மதியாகப் பொழுதைக் கழித்த சிலரைத் தவிர மற்றவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. பயணத்தின் இன்பத்தில் கணிசமான பங்கு புறப்படுவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். ஆகவே இடம் சிறியதானாலும், நாள் ஆறு மாதம் தள்ளியிருந்தாலும், தேதியை இப்போதே குறித்துவிட்டு வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளலாம்.