கிளேசியர்: பனிப்பாறையா, பனியாறா?

பிரான்சில் ஷாமொனி ஊருக்கு மேலே, 1,913 மீட்டர் உயரத்தில் மோன்தான்வேர் இருக்கிறது. 1909 முதல் பற்சக்கர ரயில் ஏறிப்போகும் இடம். எதிரே கிடக்கும் 'மேர் த கிளாஸ்' ஒரு கிளேசியர், அதாவது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனிக்கட்டித் திரள். அதன் கதையைச் சொல்ல அங்கே ஒரு காட்சிக்கூடமும் உண்டு. அண்மையில் படித்த பயணக் கட்டுரை ஒன்று அதைப் 'பனிப்பாறைக் காட்சியகம்' ஆக்கிவிட்டது. டைட்டானிக் மோதியதும் பனிப்பாறை, கங்கை பிறப்பதும் பனிப்பாறை! கடலில் மிதப்பதற்கும் மலையிலிருந்து இறங்குவதற்கும் ஒரே பெயர் எப்படிச் சரியாகும்?

கிளேசியர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். வேர், பனிக்கட்டியைக் குறிக்கும் 'கிளாஸ்'. அதற்கும் மூலம் லத்தீன். சொல்லின் பிறப்பில் அவ்வளவுதான் சங்கதி. பாறை அதில் எங்கும் இல்லை.

பாறை என்றால் நமக்கு அசையாதது. கிளேசியரோ தன் எடையாலேயே நகர்வது. நகராவிட்டால் அது வெறும் பனிக்குவியல். 1842-இல் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் இதே மேர் த கிளாஸை அளந்து பார்த்தார். ஓரங்களைவிட நடுப்பகுதி விரைவாக நகர்ந்தது, ஆற்றில் நீரோட்டம் போலவே. பக்கத்தில் போசோன் பனியாறு. 1820-இல் மோன் பிளாங்க் சிகரம் ஏறும்போது பனிச்சரிவில் புதைந்த வழிகாட்டிகள் மூவரின் எச்சங்கள் 1861-இல் அதன் கீழ்முனையில் வெளிவந்தன. நாற்பது ஆண்டு சுமந்து கொண்டுவந்து போட்டதைப் பாறை என்பதா? மோன்தான்வேரில் சுற்றுலாவுக்காகக் குடையும் பனிக்குகையை ஆண்டுதோறும் புதிதாக வெட்டுகிறார்களே, அது எதனால்?

ஆகவே கிளேசியரைப் பனியாறு என்பதே சரி. 'நீர் ஓடாததை ஆறு எனலாமா' என்று கேட்பவர்கள் உண்டு. மணல் மட்டும் கிடக்கும் படுகையையும் ஆறு என்றுதானே சொல்கிறோம்? தமிழில் ஆறு என்றால் வழி என்றும் பொருள். நம் பள்ளிப் புவியியல் நூல்கள் பனியாறு என்றே எழுதுகின்றன. பத்தாம் வகுப்பில் சரியாகப் படித்துவிட்டுச் செய்தி அறைக்குள் நுழைந்ததும் மறந்துவிடுவது என்ன மாயமோ.

2021 பிப்ரவரியில் உத்தராகண்டின் சமோலியில் வெள்ளம் வந்தபோது 'பனிப்பாறை வெடித்தது' என்று தலைப்புப் போட்டார்கள். உண்மையில் சரிந்தது ரோண்டி சிகரத்தின் ஒரு பக்கம்; அதில் பெரும்பங்கு நிஜப் பாறை, மிச்சம்தான் பனிக்கட்டி. கல் எது, பனி எது என்று வாசகருக்குப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில், இரண்டையும் ஒட்டவைத்த சொல் கைகொடுக்குமா?

கடலில் மிதப்பதற்குப் பனிப்பாறை இருக்கட்டும்; பழகிவிட்டது, பொருந்தவும் செய்கிறது. கண்டத்தையே மூடிக் கிடப்பதற்குப் பனிவிரிப்பு போதும். பனியாற்றின் கீழ்முனையை ஆங்கிலத்தில் 'ஸ்னவுட்' என்பதால் 'மூக்கு' என்று பெயர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். கங்கோத்ரிப் பனியாற்றின் முனைக்குக் கோமுகம் என்று அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் காதில் விழுந்தால்கூட, 'முகம்' என்றாவது எழுதியிருப்பார்கள்.