மன நரம்பு அல்ல, மோவாய் நரம்பு

சிங்கப்பூரில் ஈசூன் பகுதியில் இருக்கும் என் அத்தைக்கு 76 வயது. கீழ்வரிசையில் இடப்பக்கத்து முன்கடைவாய்ப்பல் ஒன்று ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. எடுத்துவிடலாம் என்று நாள் குறித்த பல் மருத்துவரின் மருந்தகத்தில், நான்கு மொழிகளில் அச்சடித்த மடிப்புத் தாள் ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலை எனக்குத் தொலைபேசி வந்தது. "பல்லை எடுக்க வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு, தம்பி. எடுத்தால் புத்தி கலங்கிவிடுமாம். இதிலேயே போட்டிருக்கிறது."

போய்ப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது. "பல்லை அகற்றும்போது மன நரம்பு பாதிக்கப்படக்கூடும்."

அத்தை அதற்குள் அந்தத் தாளை எதிர்வீட்டுச் சீனப் பாட்டியிடம் காட்டியிருக்கிறார். இருவரும் முப்பது ஆண்டுகளாகச் சந்தை மலாயில் பேசிக்கொள்பவர்கள். பாட்டி தன் மொழிப் பகுதியைப் படித்துவிட்டு, விரலால் தன் மோவாயைத் தொட்டு, "தாகு, தாகு" என்று சொன்னாராம். மலாயில் தாகு என்றால் மோவாய். சீனத்தில் அந்த நரம்பின் பெயரிலேயே மோவாயைக் குறிக்கும் எழுத்து இருக்கிறது. அதனால் எதிர்வீட்டில் பயம் இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்த வீட்டில்தான் பயம்.

மெய்ப்புப் பார்ப்பதே என் பிழைப்பு. 'மன நரம்பு' என்பதை இதற்கு முன்பும் இரண்டு முறை அடித்துத் திருத்தியிருக்கிறேன். ஒரு முறை, மொழிபெயர்த்துச் சொல்ல வந்த ஒருவர் நோயாளியின் கட்டிலருகே நின்று அதை வாய்விட்டுச் சொல்லவும் கேட்டிருக்கிறேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தப் பிழை அகராதியில் ஏறிவிடும்.

அந்த நரம்பின் ஆங்கிலப் பெயர் 'மெண்டல் நெர்வ்'. ஆங்கிலத்தில் மெண்டல் என்று ஒரே எழுத்துக்கூட்டில் வருபவை உண்மையில் இரண்டு சொற்கள். ஒன்று, மனத்தைக் குறிக்கும் 'மென்ஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மற்றொன்று, மோவாயைக் குறிக்கும் 'மெண்டம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் மோவாயை 'மாந்தோன்' என்கிறார்கள், இத்தாலியர்கள் 'மெண்டோ' என்கிறார்கள். முன்னே துருத்தி நிற்பதைச் சுட்டும் வேர் அது. மலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லும் அதே குடும்பம் என்பார்கள். மனத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், நம் 'மனம்' வடமொழி 'மனஸ்' வழியாக அந்த முதல் 'மென்ஸ்' சொல்லுக்குத் தூரத்து உறவு. மொழிபெயர்ப்பாளர் உறவைச் சரியாகத்தான் பிடித்தார், ஆனால் வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்.

இனி அந்த நரம்பு எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் பெயர் அங்கேதான் இருக்கிறது. மூளையிலிருந்து நேராகப் புறப்படும் நரம்புகளில் 5ஆவது, மூன்றாகப் பிரியும். கண்ணுக்கு ஒன்று, மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. கீழ்த்தாடைக் கிளையின் ஓர் உட்கிளை, தாடை எலும்பின் உட்புறத்தில் இருக்கும் ஒரு துளை வழியாக எலும்புக்குள்ளேயே நுழைந்து, பற்களின் வேர்களுக்கு அடியில் சுரங்கப் பாதைபோல ஓடுகிறது. முன்கடைவாய்ப்பற்களுக்குக் கீழே, எலும்பின் வெளிப்புறத்தில் இன்னொரு சிறு துளை. அந்தத் துளை வழியாக வெளியே வந்து கீழுதட்டுக்கும் மோவாய்த் தோலுக்கும் உணர்வு கொடுக்கும் பகுதிதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் நரம்பு. அது அடிபட்டால் கீழுதடும் மோவாயும் ஒரு பக்கம் மரத்துப்போகலாம். வாய் கோணாது, ஏனென்றால் முகத் தசைகளை அசைப்பது வேறொரு நரம்பு. புத்திக்கு ஒன்றும் ஆகாது. பல் எல்லாம் விழுந்த முதியவர்களுக்குத் தாடை எலும்பு மேலிருந்து தேய்ந்து குறைவதால் இந்தத் துளை எலும்பின் மேல்விளிம்புக்கு நெருங்கிவிடும். பல்செட்டு அழுத்தி அங்கே வலிப்பது அதனால்தான். ஆக, இந்தச் சொல்லை அதிகம் படிக்கப்போகிறவர்கள் முதியவர்கள். அவர்களுக்குத்தான் 'மன நரம்பு' என்று எழுதி வைத்திருக்கிறோம்.

சரி, சரியான பெயர் என்ன? மோவாய் நரம்பு. அந்தத் துளை மோவாய்த் துளை. 'முகவாய்' என்று விரித்தும் சொல்லலாம், இரண்டும் ஒன்றே. மோவாய் ஏட்டுச்சொல் என்று சொல்பவர்கள் தங்கள் பாட்டியைக் கேட்கட்டும். மோவாய்க்கட்டையை இடித்துக்கொண்டு போகாத பாட்டி உண்டா?

இதைச் சொன்னதும் என் நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். திருநெல்வேலிக் குடும்பம், இங்கே பள்ளியில் தமிழாசிரியர். "எங்கள் ஊரில் அதற்கு நாடி என்று பெயர். குழந்தையை நாடியைப் பிடித்துக் கொஞ்சுவோம், கோபித்துக்கொண்டவனை நாடியைத் தாங்கிக் கெஞ்சுவோம். நாடி நரம்பு என்று எழுதினால் என்ன குறை?" என்று கேட்டார். குறை இருக்கிறது. தேக்காச் சந்தைக் கடையில் தேநீர் ஆறும்வரை அவருக்கு எடுத்துச் சொன்னேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே இன்னொரு முறை சொல்கிறேன்.

முதலாவது, 'நாடி நரம்பு' ஏற்கெனவே ஒரு சோடிச் சொல். நாடி நரம்பெல்லாம் தளர்ந்துவிட்டது என்கிறோம், நாடி நரம்பெல்லாம் இசை ஊறியவர் என்கிறோம். உடம்பு முழுவதும் என்பது பொருள். "நாடி நரம்பு பாதிக்கப்படக்கூடும்" என்று ஒரு தாளில் படிக்கும் என் அத்தை, பல்லைத் தொட்டால் உடம்பே ஒடுங்கிவிடும் என்றுதான் எடுத்துக்கொள்வார். புத்தி தப்பித்தது, உடல் மாட்டிக்கொண்டது.

இரண்டாவது, நாடி என்றால் பெரும்பாலோருக்குக் கையில் துடிப்பது. வைத்தியர் பிடிப்பது நாடி. இடகலை, பிங்கலை, சுழுமுனை என்று யோகத்தில் வருவதும் நாடி. ஓலையைப் பார்த்துச் சோதிடம் சொல்வதும் நாடி. "நோய்நாடி நோய்முதல் நாடி" என்ற குறளை நண்பர் இடையில் எடுத்து வீசினார். அது ஆராய்ந்து என்ற பொருளில் வரும் வினையெச்சம். மோவாயும் இல்லை, துடிப்பும் இல்லை. தமிழாசிரியருக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

மூன்றாவதுதான் கழுத்தைப் பிடிக்கும் கேள்வி. அந்தத் துளை வழியாக நரம்பு மட்டும் வெளியே வருவதில்லை. கூடவே ஒரு சிறு இரத்தக் குழாயும் வருகிறது, இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் வகை. தமிழ்நாட்டுப் பாடநூலில் அந்த வகைக்குப் பெயர் தமனி. இலங்கைப் பாடநூலில் அதற்குப் பெயர் நாடி. சிங்கப்பூரில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களும் இருக்கின்றன, நெல்லைக் குடும்பங்களும் இருக்கின்றன. இரண்டு பேரும் தத்தம் வழக்கில் உறுதியாக நின்றால் மோவாய்த் தமனிக்கு என்ன பெயர் வரும்? நாடி நாடி! நண்பர் தேநீரைக் குடித்துவிட்டு, "வழக்கில் வந்துவிட்டால் பழகிவிடும்" என்றார். இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எல்லாம் வழக்கில் வருகின்றன.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நெல்லை நாடி நல்ல சொல், கதையில் எழுதுங்கள், கடிதத்தில் எழுதுங்கள். தூய்மைவாதிகளைப்போல, நாடி வடமொழியா தமிழா என்று கேட்டு அதைத் தள்ளவில்லை நான். அப்படிப் பார்த்தால் தமனியும் வடமொழிதான். ஊதுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது, ஊதுகுழல் போன்றது என்று பொருள். கிரேக்கத்திலும் தமனிக்கான சொல் முதலில் மூச்சுக் குழாயைக் குறித்தது. செத்த உடம்பை அறுத்துப் பார்த்தபோது தமனிகளில் இரத்தம் இல்லாமலிருக்கவே, காற்று ஓடும் குழாய் என்று முன்னோர் நினைத்தார்கள். இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரி பெயர்! நரம்பும் லேசுப்பட்டதல்ல. தொல்காப்பியத்தில் நரம்பு என்றால் யாழ் நரம்பு, இலையில் ஓடுவதும் நரம்பு, கிழவர் கையில் பச்சையாகப் புடைத்து நிற்பதையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம், அது உண்மையில் சிரை, இதயத்துக்கு இரத்தம் திரும்பும் குழாய். சொற்களுக்குப் பல வேலை இருப்பது தப்பில்லை. நோயாளி கையெழுத்திட வேண்டிய தாளில் மட்டும் ஒரு சொல்லுக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்கிறேன். இலங்கையில் நாளம் என்றால் சிரை, தமிழ்நாட்டில் நாளம் என்றால் பொதுவாக எந்த இரத்தக் குழாயும். ஒரே தாளை இரண்டு ஊர்க்காரர்கள் மாறி மாறி மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்தில் நாளம் ஒன்று, மூன்றாம் பக்கத்தில் நாளம் வேறொன்று.

'தாடை நரம்பு' என்று எழுதித் தப்பிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அதுவும் ஆகாது. கீழ்த்தாடை நரம்பு என்பது தாய்க் கிளையின் பெயர். கிளையின் பெயரைக் கொழுந்துக்கு வைத்தால், எதை வெட்டப்போகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இந்தத் தாளில் இன்னும் சில முத்துகள் கிடைத்தன. தாடைச் சுரங்கத்தில் ஓடும் அந்த நரம்புக்கு 'தாழ்ந்த காற்றறை நரம்பு' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். ஆங்கிலப் பெயரின் முதல் சொல்லுக்குக் கீழே இருப்பது என்று பொருள், மட்டமானது என்று அல்ல. இரண்டாவது சொல் சிறு குழியைக் குறிப்பது. நுரையீரலில் அது காற்றறை, தாடையில் பல் உட்கார்ந்திருக்கும் குழி. கீழ்ப்பற்குழி நரம்பு என்று எழுதினால் போதும். பல் மருத்துவரிடம் போன இடத்தில் நுரையீரலுக்கு என்ன வேலை?

மொழிபெயர்ப்பாளரை மட்டும் நான் குறைசொல்லவில்லை, பாதிக் குறைதான் சொல்கிறேன். அவருக்கு எக்செல் கட்டங்களில் துண்டு துண்டாக வாக்கியங்கள் வருகின்றன. மனநலம், மனவுளைச்சல், மன அழுத்தம் என்று தினமும் தட்டித் தட்டிப் பழகிய கை. மென்பொருளும் பழைய மொழிபெயர்ப்பைத் தானாகவே எடுத்து நீட்டுகிறது. அச்சான தாளில் ஒரு படம் இருந்தது. தாடை எலும்பு, அதில் ஒரு சிவப்பு அம்பு, அம்பின் முனை மோவாயில். கட்டத்துக்குள் அந்தப் படம் வரவில்லை. படத்தைக் கேட்டு வாங்கியிருக்கலாமே என்பதுதான் மீதிப் பாதிக் குறை.

அத்தையிடம் தாளின் மேலேயே பேனாவால் அடித்து 'மோவாய் நரம்பு' என்று எழுதிக் கொடுத்தேன். பல்லை எடுத்தாயிற்று. அன்று மாலைவரை உதடு மரத்துப்போய்க் காப்பி சட்டையில் ஒழுகியதோடு சரி. நான் மருந்தகத்துக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பினேன், காரணங்களை எல்லாம் விளக்கி. அடுத்த அச்சில் திருத்திவிடுவதாகப் பதில் வந்தது, நன்றியுடன்.

போன வாரம் அத்தை தையல் பிரிக்கப் போனபோது புதிய தாளை வாங்கிவந்து, படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என் கையில் கொடுத்தார். 'மன நரம்பு' எங்கும் இல்லை. அந்த இடத்தில், கொட்டை எழுத்தில், 'மெண்டல் நரம்பு' என்று இருந்தது.