சொல் விளக்கம்: இன்குவிசிஷன் போஸ்ட் மார்ட்டம்

இடைக்கால இங்கிலாந்தின் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றின் வழிமரபைத் தேடிப் போகிறவர் கண்ணில் ‘ஐபிஎம்’ என்ற மூன்றெழுத்து அடிக்கடி படும். விரித்தால் இன்குவிசிஷன் போஸ்ட் மார்ட்டம். நமக்குப் போஸ்ட்மார்ட்டம் என்றதும் பிணவறை நினைவுக்கு வரும். இன்குவிசிஷன் என்றால் கோவாவில் போர்ச்சுகீசியர் நடத்திய மத விசாரணை. இந்த ஆவணத்துக்கும் அவை இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றிருந்த ஒருவர் இறந்ததும், என்னென்ன நிலம் வைத்திருந்தார், யாரிடமிருந்து, என்ன கடமைக்கு, ஆண்டு வருமானம் எவ்வளவு, எந்த நாளில் இறந்தார், அடுத்த வாரிசு யார், வாரிசுக்கு என்ன வயது என்று உள்ளூர் ஆட்களைக் கூட்டிக் கேட்டு எழுதிய நில விசாரணை இது.

சொல் லத்தீன். ‘இன்குவிசிஷியோ’ என்றால் கேட்டறிதல். தேடுதலைக் குறிக்கும் ‘குவேரேரே’ அதன் வேர். ‘போஸ்ட் மார்ட்டம்’ இறப்புக்குப் பின். 1230களில் மூன்றாம் ஹென்றி காலத்தில் தொடங்கும் இந்த வரிசை முதலாம் சார்லஸ் காலம்வரை வருகிறது. 1660இல் நிலமானியக் கடமைகளை நாடாளுமன்றம் ஒழித்ததும் இதற்கு வேலையே இல்லாமல் போயிற்று.

மன்னருக்கு இதில் அக்கறை வரக் காரணம் பணம். வாரிசு வயது வந்தவரானால் நிலத்தைக் கையில் வாங்குமுன் ‘ரிலீஃப்’ என்ற தொகை கட்டவேண்டும். ஒரு வீரமானியத்துக்கு, அதாவது ஒரு குதிரைவீரரின் போர்ச் சேவைக்காகத் தரப்பட்ட நிலத்துக்கு, 100 ஷில்லிங் என்று மாக்னா கார்ட்டா வரம்பு கட்டியது. சிறுவனாக இருந்தால் 21 வயதுவரை நில வருமானமும், அவனுக்கு மணம் முடித்துவைக்கும் உரிமையும் மன்னருக்கு. இரண்டையும் அவர் பிறருக்கு விற்கலாம், விற்றார். வாரிசே இல்லையென்றால் நிலம் மன்னரிடமே திரும்பும். அதற்குப் பெயர் எஸ்சீட். விசாரணை நடத்திய மாவட்ட அதிகாரிக்கு எஸ்சீட்டர் என்ற பெயர் வந்தது அதனால்தான். இந்த அதிகாரிகள் சம்பாதித்த கெட்ட பெயரில்தான் ஆங்கிலத்தின் ‘சீட்’ என்ற சொல் ஏமாற்றுதல் என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. நம் ஊர் ‘சீட்டிங் கேஸ்’ வரைக்கும் அதன் வால் நீள்கிறது.

நடைமுறை இப்படி. இறந்த செய்தி எட்டியதும் மன்னரின் ஆணைகளை எழுதும் சான்சரி அலுவலகம் எஸ்சீட்டருக்கு ஒரு ரிட், அதாவது எழுத்தாணை, அனுப்பும். அதன் பெயர் ‘டியெம் கிளவுசிட் எக்ஸ்ட்ரீமம்’, அதாவது ‘தம் கடைசி நாளை முடித்துக்கொண்டார்’. ஓராண்டுக்கு மேல் தாமதமானால் வருவது ‘மாண்டமஸ்’ ரிட்; நம் உயர் நீதிமன்ற மாண்டமஸுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. எஸ்சீட்டர் பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ ஜூரியாகச் சேர்த்துச் சத்தியத்தின் பேரில் கேட்பார். அவர்கள் முத்திரையிட்ட தோல் ஏடு சான்சரிக்குத் திரும்பும், நகல் மன்னரின் கருவூலமான எக்ஸ்செக்கருக்குப் போகும். நிலம் எத்தனை மாவட்டத்தில் இருந்ததோ அத்தனை விசாரணை. ஆகவே ஒரே மனிதருக்கு ஐந்தாறு ஏடுகள் இருப்பதும், அவற்றில் இறந்த நாள் ஒன்றுக்கொன்று முரண்படுவதும் சகஜம். ரிட் எழுதிய தேதிக்கு முன்பே அவர் இறந்துவிட்டார் என்பது மட்டும் உறுதி. முரண்பாட்டை அங்கிருந்து பின்னோக்கித் தீர்க்கவேண்டும்.

தேதி படிப்பது தனிக் கலை. ‘மூன்றாம் எட்வர்டின் 23ஆம் ஆண்டு, மைக்கேல் திருநாளுக்கு அடுத்த திங்கள்’ என்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அவர் ஆட்சியாண்டு ஜனவரி 25இல் தொடங்கும். முதல் ஆண்டு 1327. எனவே 23ஆம் ஆண்டு 1349 ஜனவரி 25 முதல் 1350 ஜனவரி 24 வரை. மைக்கேல் திருநாள் செப்டம்பர் 29. 1349இல், ஜூலியன் நாட்காட்டிப்படி, அது செவ்வாய்க்கிழமை. அடுத்த திங்கள் அக்டோபர் 5. இன்றைய கிரிகோரியன் கணக்கில் கிழமை பார்த்தால் தவறிப்போகும். போதாததற்கு, அன்றைய ஆண்டுப் பிறப்பு மார்ச் 25. ஆட்சியாண்டு தராமல் வெறும் ஆண்டு எண் மட்டும் தரும் பிற ஆவணங்களில் ஜனவரி, பிப்ரவரித் தேதிகள் நம் கணக்குக்கு ஓராண்டு பின்தங்கி நிற்கும். 1349 கொள்ளைநோய் ஆண்டு என்பதால் அந்த ஏடுகளில், குடியானவர்கள் செத்துப்போனதால் ஆலைக்கு வருமானம் இல்லை, நிலம் தரிசாகக் கிடக்கிறது என்ற வரிகளையும் பார்க்கலாம்.

வயதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கும் இடம். ‘30 வயதும் அதற்கு மேலும்’ என்று எழுதியிருந்தால், அதில் நம்பக்கூடியது வாரிசு வயது வந்தவர் என்பது ஒன்றே. ஆள் 40ஐத் தாண்டியிருக்கலாம். அதைக் கழித்துப் பிறந்த ஆண்டு எழுதிவிட்டால் தலைமுறையே இடம் மாறிவிடும். சிறுவர்களின் வயது பெரும்பாலும் துல்லியமாக இருக்கும், அதில் மன்னரின் வருமானம் அடங்கியிருக்கிறதே. சிறுவன் வளர்ந்ததும் வயதை மெய்ப்பிக்கத் தனி விசாரணை நடந்தது. ‘அன்றுதான் என் கால் முறிந்தது’, ‘அன்றுதான் என் வீடு எரிந்தது’ என்று, அவன் பிறந்த நாள் தமக்கு நினைவிருப்பதற்குக் காரணமாகச் சாட்சிகள் சொல்வார்கள். படிக்கச் சுவையாக இருக்கும். ஆனால் இதே கால்முறிவும் இதே தீயும் வேறு மாவட்டத்தில் வேறு குடும்பத்துக்கும் வரும். எழுத்தரின் வாய்பாடு என்று ஒதுக்கிவிட்டு, ஞானஸ்நானம் நடந்த கோவிலையும் நாளையும் மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

குடும்பப் பெயர் லத்தீனில் ஒளிந்திருக்கும். ‘டி பெல்லோ காம்போ’ பீச்சம் குடும்பம்; ‘டி மோர்ட்டுவோ மாரி’ மார்ட்டிமர். மகன் இல்லாமல் போனால் பெயரே மறைந்துவிடும், ஏனென்றால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே என்ற விதி பெண்களுக்குப் பொருந்தாது. மகள்களோ சகோதரிகளோ சமமாகப் பங்கிடுவார்கள். குளோஸ்டர் பிரபு கில்பர்ட் டி கிளேர் 1314 ஜூன் 24இல் ஸ்காட்லாந்துடனான பானக்பர்ன் போரில் பிள்ளையில்லாமல் மடிந்தார். தாம் கர்ப்பம் என்று மனைவி மாட் நெடுநாள் சொல்லிவந்ததால் பாகப்பிரிவினை 1317வரை இழுத்தது. பிறகு கிளேர் நிலங்களை டிஸ்பென்சர், ஆட்லி, டி பர்க் என்ற மூன்று பெயர்களின் கீழ்த் தேடவேண்டியிருக்கிறது. சகோதரிகள் எலினோர், மார்கரெட், எலிசபெத் ஆகியோர் மணவழிப் பெயர்கள் அவை.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘மரண விசாரணை’ என்றால் இலங்கையில் திடீர் மரண விசாரணை அதிகாரி செய்வது. ‘உடற்கூறாய்வு’ பொருளையே கெடுத்துவிடும். ‘வாரிசு விசாரணை’ பாதி சரி. தாசில்தாரின் வாரிசுச் சான்றுபோல ஒலிப்பதோடு, நிலத்தின் அளவும் மதிப்பும் அதில் விடுபடுகின்றன. ‘இறந்தோர் நில விசாரணை’ என்பதே எங்கள் பரிந்துரை. யாருடைய நிலம் விசாரிக்கப்பட்டதோ அவரை ஆங்கிலத்தில் ‘டெனன்ட் இன் சீஃப்’ என்பார்கள்; அதை ‘குத்தகைதாரர்’ என்று பெயர்க்கவேண்டாம். குத்தகை காலவரையறையுள்ள ஒப்பந்தம். இதுவோ பரம்பரையாக வரும் உரிமை என்பதால் ‘மன்னரின் நேர்க் காணியாளர்’ பொருந்தும். எஸ்சீட் என்பதற்கு ‘வாரிசின்மை மீட்பு’ எனலாம். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவிலும், வாரிசில்லாச் சொத்து அரசைச் சேரும் என்று இதே கருத்து உயிரோடு இருக்கிறது.

தேடத் தொடங்குகிறவர் மாவட்டவாரியான ஊர் வரலாற்றுத் தொகுப்பான விக்டோரியா கவுண்டி ஹிஸ்டரியில் ஊரின் பெயரைப் பிடித்து, பண்ணை கைமாறிய வரிசையைக் குறித்துக்கொண்டு, இந்த ஏடுகளின் அச்சான ஆங்கிலச் சுருக்கத் தொகுதிகளுக்குப் போகலாம். பழைய தொகுதிகளில் ஜூரிகளின் பெயரும் விரிவான மதிப்பீடும் விடப்பட்டிருக்கும். அவை வேண்டுமானால் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் மூல ஏடுகளே கதி. அங்கே சான்சரி ஏடுகளின் வரிசை எண்கள்: மூன்றாம் ஹென்றிக்கு சி 132, மூன்றாம் எட்வர்டுக்கு சி 135, ஏழாம் ஹென்றி முதல் சி 142. மதிப்புத் தொகைகளை நம்பவேண்டாம், பெரும்பாலும் குறைத்தே சொன்னார்கள். பெரிய நிலக்கிழாருக்கு ‘எதுவும் இல்லை’ என்று வந்தால் அவர் ஏழையாகிவிட்டார் என்று எழுதிவிடக் கூடாது: 15ஆம் நூற்றாண்டில் நிலத்தை நம்பகமான நண்பர்கள் பெயருக்கு மாற்றிவைத்து இந்த விசாரணையிலிருந்து தப்புவது வழக்கமாகிவிட்டது. குடும்பம் டர்ஹமிலோ செஷயரிலோ இருந்தால் சி வரிசையில் ஏடு கிடைக்காததற்குக் காரணம் வேறு. அங்கே தனி நிர்வாகம் இருந்ததால் தனி வரிசைகளைப் பார்க்கவேண்டும்.